திராட்சைப் பந்தலா, காப்பித் தோட்டமா, தேயிலைச் சரிவா: சைக்கிளில் எந்த மலைப்பக்கம் போகலாம்?

கியர் சைக்கிள் வாங்கி, ஊருக்குள்ளும் பைபாஸிலும் ஓட்டிக் கால் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. நீலகிரிக்குப் போகலாமா, பழனி மலைப்பக்கம் போகலாமா?" கேட்கும்போதே பலர் மனதுக்குள் ஊட்டி என்றோ கொடைக்கானல் என்றோ முடிவு செய்திருப்பார்கள். நாம் தலையாட்டினால் போதும்.

நான் தலையாட்டுவதில்லை. அந்த இரண்டு ஊருக்கும் ஏறும் பிரதான மலைப்பாதைகள் காரும் பஸ்ஸும் போவதற்கே சரியாக இருக்கின்றன. வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம், முகத்தில் டீசல் புகை. சைக்கிளில் போகிறவருக்கு வேண்டியது தன் செயின் ஓடும் சத்தம் தன் காதில் விழுகிற ஒரு சாலை. அப்படிப்பட்ட சாலைகள் இரண்டு மலைப்பக்கமும் இருக்கின்றன. ஆனால் சுற்றுலா ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. அதனால் ஊரை விட்டுவிட்டுச் சாலைகளை வைத்தே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

அமைதி. ஒரே சாலை காலை ஆறு மணிக்கு ஒரு மாதிரி இருக்கும், பத்து மணிக்கு வேறு மாதிரி இருக்கும். மாசியில் காலியாகக் கிடக்கும் சாலை கார்த்திகையில் வண்டிகளால் நிரம்பி வழியும். எனவே எந்தச் சாலை என்று கேட்கும்போதே எந்த மாதம், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. சைக்கிளுக்கு மிக நல்ல நேரம் விடியற்காலை. யானையும் கரடியும் நடமாடும் சாலையில் அந்த நேரம் நம்முடையதல்ல.

ஏற்றம். எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை மீட்டர் ஏறுகிறோம் என்பதே காலைத் தீர்மானிக்கும். நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று மீட்டர் ஏற்றம் என்றால் பேசிக்கொண்டே ஏறலாம். ஐந்து என்றால் பேச்சு நின்றுவிடும். எட்டுக்கு மேல் போனால் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருக்கிற சைக்கிளிலும் எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டியிருக்கும்.

வெயில், காற்று, மழை. வெயிலையும் மழையையும் எல்லோரும் பார்க்கிறார்கள். காற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று சமவெளிச் சாலையையே மலை ஏற்றமாக்கிவிடும்.

வழியில் உதவி. தண்ணீர், சாப்பாடு, பஞ்சர். மெல்லிய டயர் சைக்கிள்களில் வரும் பிரெஸ்டா வால்வுக்கு ஊர்ப்புற சைக்கிள் கடைப் பம்பு பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. அதை ஒரு தடவை வால்வின் தலையில் திருகி வைத்துவிட்டால் எந்தக் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். கூடவே இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டும் சாமான்.

போய்ச் சேர்வதும் திரும்புவதும். சைக்கிளை ரயிலில் லக்கேஜாகப் போட முடிகிற ஊரா, பஸ் நடத்துனர் மனசு வைத்தால்தான் உண்டு என்கிற ஊரா என்பது.

## தெற்கு அடிவாரம்: வத்தலக்குண்டு முதல் கம்பம் வரை

திராட்சைப் பந்தல் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான். வத்தலக்குண்டில் கிளம்பினால் தேவதானப்பட்டி, பெரியகுளம் வரை பழனி மலை வலது கைப்பக்கம் கூடவே வரும். தேனியைத் தாண்டித் தெற்கே திரும்பினால் கம்பம் பள்ளத்தாக்கு. இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் ஏலமலை, நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும். கம்பம் வரை சுமார் 85 கிலோமீட்டர். தேனிக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள உயர வித்தியாசமே நூறு மீட்டர் போலத்தான், அதுவும் நாற்பது கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. மிதிக்கும்போது ஏறுகிறோம் என்றே தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல், தேனி, குமுளி தேசிய நெடுஞ்சாலை அமைதியான சாலை அல்ல. அதிலேயே ஓட்டிக் கம்பம் போய்ச் சேர்ந்தால், எதற்கு வந்தோம் என்றுதான் தோன்றும். நெடுஞ்சாலையை இரண்டு ஊர்களை இணைக்கும் பாலமாக மட்டும் வைத்துக்கொண்டு, கிளைச் சாலைகளில் ஓட்ட வேண்டும். தேவதானப்பட்டியிலிருந்து மஞ்சளாறு அணைக்குப் போகும் சாலை, பெரியகுளத்திலிருந்து மாந்தோப்புகள் நடுவே கும்பக்கரைக்குப் போகும் சாலை, சோத்துப்பாறை அணைச் சாலை ஆகிய மூன்றும் மலையின் காலடி வரை கொண்டுபோய் விடுகின்றன. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிப் பூண்டு மண்டி இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்கி வந்து விலை போகும் இடம் அது. மண்டி நடக்கும் நாளில் அந்தத் தெருவில் நுழைந்தால் வாசனை சட்டையோடு வரும்.

திராட்சைக் கிராமங்கள் கம்பத்தைச் சுற்றி இருக்கின்றன. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி ஒரு பக்கம். ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி இன்னொரு பக்கம். சின்னமனூருக்குக் கிழக்கே ஓடைப்பட்டி, அங்கே விதையில்லாத திராட்சை. மற்ற இடங்களில் பெரும்பாலும் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் பரப்பியிருப்பார்கள். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் குலைகள் ஏறக்குறைய கண் மட்டத்தில் தொங்கும். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து பண்ணும், அதாவது கொடியை வெட்டிவிடும் நாள் வேறுபடும். அதனால் ஒரே சாலையில் ஒரு பந்தல் மொட்டைக் குச்சியாக நிற்கும், அடுத்தது பச்சைக் காயாக இருக்கும், அதற்கடுத்ததில் கத்தரியும் பிளாஸ்டிக் டிரேயுமாகப் பெண்கள் குலை அறுத்துக்கொண்டிருப்பார்கள். எந்த மாதம் போனாலும் எங்கேயாவது பழம் இருக்கும் என்பது இந்தப் பக்கத்தின் தனிச் சிறப்பு.

குலையில் நீலமும் வெள்ளையுமாகத் தூள் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோக் கலவையின் எச்சமாக இருக்கலாம். சாலையோரம் வாங்கிய பழத்தை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மருந்து அடித்துக்கொண்டிருக்கும் தோட்டம் கண்ணில் பட்டால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுங்கள்.

இந்தச் சாலைகளின் பெரிய பலம் விடியற்காலை. சுருளி அருவியை ஒட்டிய காட்டோரத்தையும் கம்பத்தை அடுத்த கூடலூருக்கு (நீலகிரிக் கூடலூர் அல்ல) அப்பால் உள்ள மலையடிவாரத்தையும் விட்டுவிட்டால், கிராமங்களுக்கு நடுவே உள்ள சாலைகளில் ஐந்தரைக்கே கிளம்பலாம். பால்காரரும் வயலுக்குப் போகிறவர்களும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கு எந்த ஊரிலும் இட்லி தயார். எட்டரைக்குள் ஐம்பது கிலோமீட்டர் முடித்துவிடலாம்.

மறைமுகச் செலவுகளும் உண்டு. முதலாவது சபரிமலை சீசன். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மாதப் பிறப்பு வரை இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஓடும். நெரிசலைக் குறைக்கப் போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகவும் வருகிறவற்றைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். இரவெல்லாம் தூங்காமல் ஓட்டி வந்த டிரைவர்கள் பலர் அந்த வண்டிகளில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதம் சைக்கிள் இந்தப் பக்கம் வேண்டாம். கம்பத்தில் ரூமும் கிடைக்காது.

இரண்டாவது ஆடிக்காற்று. தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும்போது நேராக முகத்தில் அடிக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. மூன்றாவது சித்திரை, வைகாசி வெயில். நாலாவது, சொல்லாமல் விட்டால் வருத்தப்படுவீர்கள் என்பதால் சொல்கிறேன்: அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போடும் தானியமும், தோட்டத்து நாய்களும். தானியத்தின் மேல் மெல்லிய டயர் வழுக்கும், வளைவில் பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கிவிடுங்கள். சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே திரும்பிப் போய்விடும்.

## கீழ்ப்பழனி: சித்தரேவு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு

கொடைக்கானல் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்து, அந்த மலைப்பாதை வண்டிகளை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்தச் சாலை. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடி. கீழே தென்னந்தோப்பு, ஏற ஏற வாழை, ஆரஞ்சு, அப்புறம் நிழல் மரங்களுக்குக் கீழே காப்பியும் மிளகும். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பங்குனி வாக்கில் ஒரு மழை பெய்து காப்பி பூத்துவிட்டால் வளைவு திரும்பும்போதெல்லாம் மல்லிகை மாதிரி வாசனை வரும். மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு அதைவிட நல்ல கூலி கிடையாது.

பிரதான கொடைக்கானல் பாதை சுமார் 1,800 மீட்டர் ஏறினாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இழுத்து இழுத்து ஏறுவதால் சராசரிச் சரிவு மூன்றரை சதவீதம்தான். தாண்டிக்குடிச் சாலை அகலம் குறைந்தது, சில இடங்களில் திடீரென்று செங்குத்தாகும். கால் பலம் இருந்து கியரும் இருந்தால் மட்டும். சிங்கிள் கியர் சைக்கிளோடு போனால் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள்.

மலையில் கடைகள் குறைவு, சைக்கிள் கடை கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை மூடிக்கொள்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை ஆகாது. யானை நடமாட்டம் இருப்பதால் வெளிச்சம் நன்றாக வந்தபின் ஏறி, பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர வேண்டும். கிளம்புவதற்கு முன் கீழே டீக்கடையில், மேலேயிருந்து வந்த பஸ்காரரிடம், "ரோட்டில் யானை நிக்குதா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்தச் செயலியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

பண்ணைக்காடு, ஊத்து வழியாக இறங்கினால் பிரதான மலைப்பாதையில் சேர்ந்து வத்தலக்குண்டுக்கே திரும்பலாம். சனி, ஞாயிறில் அப்படி இறங்காதீர்கள், வந்த வழியே இறங்குவது மேல். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றிப் பிடித்து, இடையிடையே நின்று, ரிம்மைத் தொட்டுப் பார்த்து இறங்க வேண்டும்.

## நீலகிரி: கோத்தகிரி, கோடநாடு

நீலகிரி என்றால் நான் ஊட்டியைச் சொல்ல மாட்டேன், கோத்தகிரியைச் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏற்றம். சராசரி நாலரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடினம்தான், ஆனால் சீராக ஏறும் சாலை. ஏறிவிட்டால் பலன் மேலே இருக்கிறது: கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை வரை சுமார் 18 கிலோமீட்டர், இருபுறமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். கடைசியில் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் திரும்பினால் இன்னும் அமைதி. வார நாளில் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டியும் பள்ளி வேனும் மட்டும் எதிர்ப்படும்.

வெயில் தாங்காதவர்களுக்கு இந்த மூன்றில் இதுதான் சரி. கீழே 38 டிகிரி கொதிக்கும்போது மேலே சட்டை நனையாமல் ஓட்டலாம்.

ஆனால் இங்கே விடியற்காலை நமக்குக் கிடையாது. குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். மேலே தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடும் கரடியும் பொழுது விடியும்போதும் அடையும்போதும் நடமாடுகின்றன. சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அவற்றைத் திடுக்கிட வைக்கும், அதுதான் ஆபத்து. எனவே ஏழு மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும். அதற்குள் வண்டிகளும் கிளம்பிவிடும். கோடை சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏறும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். மே மாதம் நீங்கள் ஏறும் சாலையில் எதிரே இறங்கும் கார் வரிசை முடியவே முடியாது.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை இருப்பதால் வழியில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சைக்கிளில் இரண்டு பாட்டில் பிடிப்பான் இருக்கட்டும், டீக்கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது காற்றுத் தடுக்கும் மேல்சட்டை அவசியம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது.

ஊட்டியிலிருந்து மஞ்சூர், கிண்ணக்கொரை போகும் சாலையும் அழகு. முதல் பயணத்துக்கு அது தூரம் அதிகம். கல்லட்டிப் பாதையையும் மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் சாலையையும் சைக்கிளுக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. முதலாவதில் சரிவு கொடூரம், இரண்டாவது அடர்ந்த யானைக் காடு.

## வடக்கு அடிவாரம்: ஒட்டன்சத்திரம், பழனி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலை தெற்கே தெரியும், சாலை சமம், ஆயக்குடியில் கொய்யா மலிவு. பழனியிலிருந்து பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் வரதமாநதி அணைக்கும் போய்வர அருமையான குட்டிச் சாலைகள் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கும் போதும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் லாரிகளால் பிரதான சாலை இரவும் பகலும் விழித்திருக்கும். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை நிறைய வருவார்கள், அது அவர்களுடைய நேரம். ஆடியில் மேற்கு நோக்கி மிதிக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | தெற்கு அடிவாரம், கம்பம் | தாண்டிக்குடி | கோத்தகிரி, கோடநாடு | பழனி வடக்கு |
|---|---|---|---|---|
| ஏற்றம் | மிகக் குறைவு | அதிகம், இடையிடையே செங்குத்து | அதிகம், சீரானது | குறைவு |
| விடியற்காலை ஓட்டம் | முடியும் | வெளிச்சம் வந்தபின் | ஏழுக்கு மேல் | முடியும் |
| நல்ல மாதம் | தை கடைசி, மாசி | மாசி, பங்குனி | மாசி, பங்குனி | மாசி |
| தவிர்க்க வேண்டியது | சபரிமலை சீசன், ஆடி, கோடை வெயில் | ஐப்பசி, கார்த்திகை | மே, பலாப்பழக் காலம் | தைப்பூசம், ஆடி |
| கியர் | சிங்கிள் கியரும் போதும் | பெரிய பின் பல் அவசியம் | பெரிய பின் பல் அவசியம் | சிங்கிள் கியரும் போதும் |
| பஞ்சர், சாப்பாடு | ஊருக்கு ஊர் | குறைவு | கோத்தகிரியில் மட்டும் | ஊருக்கு ஊர் |
| ரயில் | கொடைரோடு, தேனி, போடி | கொடைரோடு | மேட்டுப்பாளையம் | பழனி |

## யாருக்கு எது

ஏற்றம் ஏறிச் சாதிக்க வேண்டும் என்பவருக்கும் ஏப்ரலில் மட்டுமே லீவு கிடைப்பவருக்கும் கோத்தகிரி. அதுவும் ஏப்ரல் முதல் பாதியில், வார நாளில். ஏற்கெனவே மலை ஏறிப் பழகி, கூட்டமே இல்லாத சாலை வேண்டும் என்பவருக்குத் தாண்டிக்குடி. கணவனும் மனைவியும் போகிறார்கள், ஒருவருக்கு வேகம் அதிகம், ஒருவருக்குக் குறைவு என்றால் பழனி அல்லது கம்பம். சமவெளியில்தான் வேகமானவர் முன்னே போய்க் காத்திருக்க ஒரு டீக்கடை இருக்கும்.

இவற்றில் எதிலும் சேராமல், முதல் தடவை போகிறேன், எதை எடுப்பது என்றே தெரியவில்லை என்பவருக்கு என் பதில் தெற்கு அடிவாரம், மாசி மாதம். முதல் நாள் பெரியகுளத்தில் தங்கி மஞ்சளாறு, கும்பக்கரைச் சாலைகள். இரண்டாம் நாள் காலை நெடுஞ்சாலையில் வண்டி ஏறுவதற்குள் தேனியைத் தாண்டிச் சின்னமனூர், அங்கிருந்து ஓடைப்பட்டி போய்வந்து மாலையில் கம்பம். மூன்றாம் நாள் விடியற்காலை காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று பந்தல்களுக்கு நடுவே சுற்றிவிட்டுத் தேனிக்குத் திரும்புவது. மலை ஏறவில்லையே என்ற குறை உங்களுக்கு வராது என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று நாளும் மலையைப் பார்த்துக்கொண்டேதான் மிதித்திருப்பீர்கள். மலைப்பாதையில் ஏறும்போது கண் தார் ரோட்டில்தான் இருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜூன் முதல் போடி வரை நேரடி ரயில் இருக்கிறது, தேனியில் இறங்கிக்கொள்ளலாம். சைக்கிளை லக்கேஜ் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் போட வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பின் கியர் மாற்றியைச் சுற்றி அட்டை கட்டிக் கொடுங்கள், அதுதான் முதலில் வளையும் பாகம். அந்த ரயில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. ஆகவே லீவு எழுதிக் கொடுக்கும் முன் போகிற நாளையும் திரும்புகிற நாளையும் ரயில் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் ஒத்துவராவிட்டால் கொடைரோட்டில் இறங்கி, சுமார் இருபது கிலோமீட்டர் மிதித்து வத்தலக்குண்டு வந்து சேரலாம்.